பதினோரு தொட்டிகளும் ஓர் ஈர வலையும்

அவரை எல்லோரும் மீன் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்த டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் உயிரியலையே தட்டுத்தடுமாறித் தேறியவர். வீடு வீடாகப் போய் மீன் தொட்டிகளைச் சுத்தம் செய்து கொடுப்பது அவர் தொழில். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவார், மிதக்கும் குப்பையை வலையால் அள்ளுவார், அடியில் கிடக்கும் கூழாங்கல்லுக்குள் குழாயை விட்டு அழுக்கை உறிஞ்சி எடுப்பார், ஃபில்டர் பஞ்சை அலசிப் போடுவார், பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவார். இதற்கெல்லாம் யாரும் பட்டம் தரமாட்டார்கள். ஒரு வீட்டில், வாயைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்து சாகக் கிடந்த தங்கமீனை அவர் பிழைக்க வைத்தார். அந்த வீட்டுச் சின்னப் பெண் “டாக்டர் மாமா” என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால், போனை எடுத்ததும் “மீன் டாக்டர் பேசறேன்” என்று அவரேதான் ஆரம்பிப்பார்.

வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. வாரத்துக்குப் பதினோரு தொட்டிகள், ஒரு நாளைக்கு இரண்டு வீதம், சனிக்கிழமை மட்டும் ஒன்று. ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பெட்டி, அதில் குழாய், சுரண்டி, மருந்துப் பாட்டில்கள். பெட்டிக்கு மேலே இரண்டு வாளிகளும், நீண்ட கைப்பிடி போட்ட பச்சை வலையும் கயிற்றால் கட்டியிருக்கும். கை சுத்தமான வேலைக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில் இருந்தது. எந்த மீனுக்கு என்ன வந்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் காரணம் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. “தெரியல, பார்க்கலாம்” என்ற இரண்டு வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வருஷம் மழை பிடித்த பிடி விடாமல் பெய்தது. இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பறைத் தொட்டியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. மீன்களின் மேல் உப்புக்கல் தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். துடுப்பை உடம்போடு ஒட்டி மடித்துக்கொண்டு, அடிக்கடி போய்க் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. வெண்புள்ளி நோய். தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது பார்த்துவிடுகிற வியாதி. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் புகுந்து தின்று கொழுப்பதுதான் அந்தப் புள்ளி. கவனிக்காமல் விட்டால் தொட்டியே காலி.

அன்றைக்கே மருந்துக் கம்பெனி ஆபீஸிலும், மறுநாள் செவ்வாய்க்கிழமை வக்கீல் வீட்டிலும் அதே புள்ளி. வக்கீல் போன வாரம்தான் கடையிலிருந்து நாலு புது மீன் வாங்கி விட்டிருந்தார். பல் டாக்டர் தொட்டியிலும் புதுசாக இரண்டு மீன் சுற்றிக்கொண்டிருந்ததை மீன் டாக்டர் பார்த்திருந்தார். போதாதா? அவருக்கு ஐந்து நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

“கடை மீன் சார். வேற ஒண்ணும் இல்ல. நோயோட வந்த சரக்கை அப்படியே தள்ளி விட்டிருக்கான்.”

அந்தக் கடைக்காரர் வேறு யாரோ இல்லை. மீன் டாக்டர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பழக்கம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். உறவு ஒன்றும் கிடையாது. முதல் மூன்று வீடுகளைப் பிடித்துக் கொடுத்ததே கடைக்காரர்தான். அந்த நன்றியெல்லாம் அன்றைக்கு மழையில் கரைந்துபோயிற்று. வக்கீல் வீட்டிலிருந்து நேரே கடைக்குப் போனார்.

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஆள் இருந்தால் அவருக்குக் குரல் தானாக ஏறும். “என்ன மச்சான், வியாதி வியாபாரம் எப்போலேர்ந்து?” என்று ஆரம்பித்தார். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “என்னாச்சு, உட்காரு” என்றார். இவர் உட்காரவில்லை. “ஊருக்கே தெரியட்டும்” என்று சொல்லி, ஸ்கூட்டரிலிருந்து தன் வலையை உருவிக்கொண்டு வந்து, கடையின் பெரிய தொட்டிக்குள் விட்டு மீன்களை அள்ளி வெளிச்சத்தில் காட்டினார். ஒரு புள்ளி இல்லை. அடுத்த தொட்டி. அதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

“இப்போ தெரியாது, உள்ள இருக்கும். நாலு நாள் கழிச்சுப் பாருங்க” என்றார் அந்த மூன்று பேரிடம்.

கடைக்காரருடைய பார்வை இவர் முகத்தில் இல்லை. “வலையை வெளிய எடு மச்சான்” என்றார். “அதை முதல்ல எடு. மத்ததை அப்புறம் பேசலாம்.” அவ்வளவுதான் சொன்னார். பதில் இல்லாததால்தான் இப்படிப் பேச்சை மாற்றுகிறான் என்று மீன் டாக்டர் முடிவு கட்டிவிட்டார். மூன்று பேரும் ஒன்றும் வாங்காமல் கிளம்பிப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க, போன வீடெல்லாம் இதே பேச்சு. செவ்வாய்க்கிழமை இரண்டாவதாகப் போன வீட்டிலும், புதன்கிழமை இரண்டு வீடுகளிலும் புள்ளி வந்திருந்தது. வராத வீடுகளிலும் முன்னெச்சரிக்கையாகச் சொல்லி வைத்தார். “அந்தக் கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க.” இருபத்திரண்டு வருஷம் சேர்த்த நம்பிக்கை சும்மாவா? அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள். வக்கீல் ஒரு படி மேலே போய், தெரிந்தவர்களுக்கெல்லாம் போனில் செய்தி அனுப்பிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

வியாழக்கிழமை டீச்சர் வீடு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தனி ஆள், மூன்றாவது மாடி. அவருடைய தொட்டியில் ஒரே ஒரு மீன்தான். ஆரஞ்சு நிற உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட லோச் வகை மீன், ஒரு சாணுக்கு மேல் நீளம், வாயைச் சுற்றி மீசை. வயது பதினேழு. டீச்சர் அதைப் ‘பெரியவர்’ என்பார், மரியாதை குறையாமல். “பெரியவர் இன்னைக்கு எழுந்திருக்கவே பத்து மணி ஆயிடுச்சு”, “பெரியவருக்கு அந்தப் பாட்டு பிடிக்கல” என்று சொல்வதைக் கேட்டு மீன் டாக்டருக்குச் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் மேல் முதுகிலிருந்து வால் வரை புள்ளி. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“கடை மீனாலதான் டீச்சர்...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். “எந்தக் கடை மீன்? இந்தத் தொட்டிக்கு ஒன்பது வருஷமா வேற மீனே வரலையே.”

“செடி, கிடி...”

“பிளாஸ்டிக் செடி.”

“தீனி...”

“போன வருஷம் நீங்க வாங்கிட்டு வந்த அதே டப்பா. இன்னும் பாதி இருக்கு.” கணக்கில் ஒரு படியை விட்டுவிட்ட மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். “விடைக்கு வழி வரணும் டாக்டரே. வழியில்லாம விடை மட்டும் வந்தா அது காப்பி அடிச்சது.”

மீன் டாக்டர் வேலையைத் தொடங்கினார். லோச்சுக்கு மற்ற மீன்களைப் போல நல்ல செதில் கிடையாது, முழு மருந்து விட்டால் மருந்தே கொன்றுவிடும். ஃபில்டரில் இருந்த கரியை எடுத்தார், இல்லாவிட்டால் விடுகிற மருந்தையெல்லாம் கரி குடித்துவிடும். ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி முப்பது டிகிரியில் நிறுத்தச் சொன்னார். சூடேறிய தண்ணீரில் காற்று குறையும் என்பதால் கூடுதலாக ஒரு காற்றுக் குழாயைப் போட்டார். பாதி அளவு மருந்தை எண்ணி எண்ணி விட்டார். “தினம் வரேன்” என்றார். படி இறங்கும்போது டீச்சரின் கேள்வி கூடவே இறங்கி வந்தது.

வீட்டில் அவர் மனைவிக்கு அன்று விடுமுறை. பெரிய மருத்துவமனையில் நர்ஸ், அக்கம்பக்கத்தில் நர்ஸம்மா. ஒரு நோயாளியின் கிருமி இன்னொரு கட்டிலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. டாக்டர்களையே வழிமறித்து “கை கழுவினீங்களா?” என்று கேட்கிறவர். கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏழு வீடுகளின் கதையையும் டீச்சரின் கேள்வியையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வந்தார்.

“போன வாரம் திங்கட்கிழமையிலேர்ந்து சொல்லுங்க. முதல்ல எந்த வீடு, அடுத்தது எந்த வீடு. வார்டுல இப்படித்தான் எழுதுவோம்.”

சொன்னார். நர்ஸம்மா எழுதி, புள்ளி வந்த வீடுகளைச் சுழித்துக்கொண்டே வந்தார். முதலில் பல் டாக்டர். அடுத்து அதே நாள் போன மருந்துக் கம்பெனி ஆபீஸ். பிறகு வக்கீல். பிறகு அடுத்த வீடு. விடாமல் ஏழு சுழி, டீச்சர் வீட்டில் வந்து நின்றது. வியாதி வந்த வரிசையும் இவர் ஸ்கூட்டர் போன வரிசையும் ஒன்றுதான்.

“ஏங்க, ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவுல அந்த வலையை என்ன பண்ணுவீங்க?”

“உதறிட்டு வண்டியில கட்டுவேன். இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான். ஒரு தடவைகூட எதுவும் வந்ததில்ல.”

“வெயில்ல போவீங்க. அடுத்த வீடு போறதுக்குள்ள காய்ஞ்சிடும். காய்ஞ்சா அந்தக் கிருமி செத்துடுமா?”

“காய்ஞ்சா செத்துடும்” என்றார் மீன் டாக்டர், மெதுவாக.

“இப்ப மழை. மேல ஷீட்டைப் போட்டு மூடிட்டுப் போறீங்க. எப்பக் காயும்?”

மீன் டாக்டர் எழுந்துபோய் வலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். அவருடைய கைராசி என்று ஊரே சொன்னதில் பெரும்பங்கு வெயிலுடையது. இருபத்திரண்டு வருஷமாக வெயில்தான் வைத்தியம் பார்த்திருக்கிறது, பட்டம் இவர் வாங்கியிருக்கிறார். அப்போதும் ஒரு கடைசி நூலைப் பிடித்துத் தொங்கினார். பல் டாக்டர் தொட்டிக்கு வந்த முதல் நோய் கடையிலிருந்து வந்ததுதானே? அந்த நிமிஷமே கிளினிக்குக்குப் போன் போட்டார். வரவேற்பில் இருந்த பெண், “அந்த ரெண்டு மீனா? டாக்டரோட மைத்துனர் வீடு மாத்தறாருன்னு அவர் தொட்டி மீனை இங்க கொண்டு வந்து விட்டாரு” என்றாள். நூலும் அறுந்தது. இதை அவர் கேட்டிருக்கலாம். கேட்க ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

நர்ஸம்மா காகிதத்தை மடித்து அவர் பக்கம் நகர்த்தினார். “வார்டுல எங்களால ஒருத்தருக்குக் கிருமி போயிட்டா ஒரு படிவம் இருக்கு. யாரால, எப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். உங்களுக்குப் படிவம் கிடையாது. வாய்தான். பழி போட்ட அதே வாயால போய்ச் சொல்லணும்.”

“சொல்றேன். முதல்ல மீனெல்லாம் பிழைக்கட்டும்.”

நியாயம் போலத்தான் தோன்றும். உள்ளுக்குள் இருந்தது வெறும் பயம். வலையை உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, அடுப்படியில் தொங்கவிட்டுக் காய வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி வலை வாங்கினார், கைப்பிடியில் வெவ்வேறு நிறத்தில் நூல் கட்டினார். எல்லாம் செய்தார். வாயை மட்டும் திறக்கவில்லை. யாராவது கடையைப் பற்றிப் பேசினால் குனிந்து கல்லைக் கிளறினார். கடைப் பக்கமாக ஒருநாள் போனவர், பகல் பதினொரு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் வண்டியைத் திருப்பினார். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அந்தக் கடை இருக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நாலு நாள் ஓட்டினார்.

பெரியவரிடம் தினமும் போனார். மூன்றாம் நாள் அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஃபில்டர் தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிற மாதிரி மாற்றி வைத்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சரும் எதிரில் உட்கார்ந்தார். அன்றைக்கு அடுத்த வீட்டுக்குப் போகவே இல்லை. மாலையில் அது கீழே இறங்கிய பிறகுதான் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை.

“மருந்தை நிறுத்திடலாமா டாக்டரே?”

“இப்பதான் நிறுத்தக் கூடாது டீச்சர். புள்ளி போச்சுன்னா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்ல. அது பழுத்துக் கீழ விழுந்து, கல்லுக்குள்ள ஒரு கூடு கட்டிக்கிட்டு, ஒண்ணு நூறு நூறா பெருகும். அங்க மருந்து போகாது. வெளிய வந்து மீனைத் தேடி நீந்தறப்பதான் அதைக் கொல்ல முடியும். பாதிப் பேர் இந்த இடத்துலதான் ஏமாறுவாங்க. மீன் பளபளன்னு இருக்கும், வினை எல்லாம் அடியில இருக்கும்.”

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அவர் பேசியது மீனைப் பற்றித்தான், ஆனாலும் காது சுட்டது. குழாயைக் கீழே வைத்தார். சொல்லிவிட்டார். மழை, வலை, வரிசை, பல் டாக்டரின் மைத்துனர், எல்லாம்.

டீச்சர் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. “பதினேழு வருஷம். இது போயிருந்தா உங்களை நான் மன்னிச்சிருக்க மாட்டேன்.”

“தெரியும் டீச்சர்.”

“இப்ப வழி வந்திருக்கு. விடையும் சரி. இது என்கிட்ட சொல்ல வேண்டிய கணக்கா? இன்னும் பத்து வீடு இருக்கு. அப்புறம் அந்த மனுஷன் இருக்காரு.” எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “மருந்து நான் விடறேன். பாதி அளவு, தெரியும். நீங்க போங்க.”

இரண்டு நாளில் பத்து வீடுகளுக்கும் போனார். வாசலில் நின்றே சொன்னார், “நோய் கொண்டு வந்தது நான். கடை மேல தப்பில்ல.” சிலர் “அட விடுங்க” என்றார்கள். பல் டாக்டர் சிரித்தார். வக்கீல் சிரிக்கவில்லை, இனி வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மருந்துக் கம்பெனி ஆபீஸும் நிறுத்திவிட்டது. பதினொன்று ஒன்பதாயிற்று. அதைவிட அவருக்கு வலித்தது, ஒரு வீட்டில் அந்த அம்மா அவரை உள்ளே வரச் சொல்லாமல், அவருடைய கையில் இருந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

கடைசியாகக் கடை. ஷட்டர் பாதி ஏறியிருந்தது, குனிந்து உள்ளே போனார். அன்றைக்கு அவர் வலை விட்ட மூன்று தொட்டிகளிலும் தண்ணீர் நீலமாக இருந்தது. ஒன்றில் மீனே இல்லை. மற்ற இரண்டில் ஏழெட்டு, உடம்பெல்லாம் புள்ளியோடு. கடைக்காரர் முழங்கை வரை மருந்துக்கறையோடு ஹீட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“மச்சான், உன் மீன் இல்ல. என் வலை” என்றார் இவர். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மற்ற வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

“தெரியும்” என்றார் கடைக்காரர், திரும்பாமலே.

“எப்போ?”

“நீ சொட்டச் சொட்டத் தூக்கிட்டு வந்தியே, அன்னைக்கே. எடு எடுன்னு சொன்னேன், நீ கேட்கல. நாலாவது நாள் இந்த மூணுலயும் வந்துடுச்சு. மத்த எதுலயும் இல்ல.”

“அப்பவே அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கலாமே! என் மூக்கை உடைச்சிருக்கலாமே! ஊரெல்லாம் உன்னைத் திட்டிட்டுத் திரிஞ்சேன், ஏன் வாயைத் திறக்கல?”

கடைக்காரர் ஹீட்டரை வைத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “நான் காலையில வந்து என் ஷட்டரை நானே தூக்கிக்கலாம். ரெண்டு மாசம் யாரும் வரலேன்னா மூணாவது மாசம் வருவாங்க. உனக்கு அப்படியா? மத்தவங்க கதவைத் திறந்து உள்ள விட்டாத்தான் உனக்கு வேலை. இவன் வீட்டுக்கு வீடு வியாதி கொண்டு வரான்னு பேர் வந்துட்டா யாருடா திறப்பா? அதான், என் பேரோடயே போகட்டும்னு விட்டேன்.”

எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிற மனிதர் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்படத் தேவை இருக்கவில்லை. கடையில் ஓர் ஆள் இல்லை. வராமல் செய்தவர் அவர்தான்.